தானே திறக்கும் கேட்: வாங்கப் போகிறவருக்கு ஒரு கையேடு

மோட்டார் நினைப்பு, வீட்டு வேலை முழுக்க முடிந்த பிறகுதான் வர வேண்டும். கிரகப்பிரவேசம் ஆகி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், வாசலில் பேவர் பிளாக் பதித்து, கொத்தனாருக்குக் கணக்கும் தீர்த்தாயிற்றா? நேரம் கனிந்துவிட்டது. அதற்கு முன்பே யோசித்திருந்தால் தரை போடும்போதே ஒரு இஞ்ச் பைப் இரண்டைப் புதைத்திருப்பீர்கள். ஒன்றில் கரண்ட் வயர், இன்னொன்றில் சென்சார் வயர். கேட்டுக்கு அடியால் எதிர்த் தூணுக்கும் ஒரு பைப் போயிருக்கும். பொருத்த வந்தவர் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார், தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புதுத் தரையைக் கட்டர் வைத்து அறுத்து, புழுதி எதிர்வீட்டுத் துணிக்கொடி வரை பறந்து, பதித்த கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தால்தான் இந்த வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் கேட் வருகிறது என்று நான்கு பேருக்குத் தெரியும்.

கேட்டை முடிவு செய்யும்போதும் மோட்டாரை நினைக்காதீர்கள். கிரில் பட்டறைக்காரர் செல்போனில் ஐம்பது படம் காட்டுவார். எது பார்க்கவே பாரமாக இருக்கிறதோ அதைத் தொட்டுக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. 12 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள கேட்டை 2 மி.மீ. தகட்டால் மூடினால் தகடு மட்டும் 105 கிலோ. 3 மி.மீ. என்றால் 157. அதைத் தாங்க பாக்ஸ் பைப் சட்டம். அதன் மேல் சி.என்.சி.யில் வெட்டிய மயில் இரண்டு, நடுவில் பிள்ளையார், உச்சியில் ஈட்டி முனைகள் ஒரு வரிசை, குடும்பத் தலைவர் பெயரின் முதலெழுத்து. மனம் வைத்தால் முந்நூறு கிலோவை நெருங்கிவிடலாம். திருடன் பயத்துக்காக இத்தனை இரும்பு என்று சொல்லிக்கொள்வோம். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் நாலரை அடிதான் என்பது திருடனுக்கும் தெரியும்.

இப்போது கடைக்குப் போகலாம். அட்டைப் பெட்டிகளில் 600 கிலோ, 800 கிலோ, 1000 கிலோ, 1500 கிலோ என்று போட்டிருக்கும். நம் கேட் முந்நூறு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆயிரத்தைக் காட்டுங்கள். “கரெக்டான சாய்ஸ் சார், லைஃப் லாங் பிரச்சினையே வராது” என்பார் கடைக்காரர். அந்த எண், சமதளத்தில், வளையாத தண்டவாளத்தில், நல்ல சக்கரத்தின் மேல் உருளும் கேட்டுக்காக எழுதியது. அதை அவரும் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்க வேண்டாம். மோட்டார் கேட்டைத் தூக்கப் போவதில்லை, தள்ளப்போகிறது. தள்ளுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை எடையை விடச் சக்கரமும் தண்டவாளமும்தான் தீர்மானிக்கின்றன.

கோயம்புத்தூர்க்காரராக இருந்தால் எடையைக் கேட்க மாட்டார். பம்புசெட் பார்த்து வளர்ந்த ஊர், “எத்தனை எச்.பி.ங்க?” என்றுதான் தொடங்குவார். வீட்டு ஸ்லைடிங் கேட்டுக்கு விற்கிற மோட்டார்கள் பெரும்பாலும் அரை எச்.பி., அதாவது 370 வாட் சுற்றில் நிற்கும். சமையலறையில் சட்னி அரைக்கிற மிக்ஸி 750 வாட். இதைக் கேட்டதும் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். விஷயம் உள்ளே இருக்கும் வோர்ம் கியரில் இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்றுச் சுற்றுகிற மோட்டாரை அது ஐம்பதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கிக்கொள்கிறது. இன்னொரு வசதியும் உண்டு: வோர்ம் கியர் பின்னோக்கிச் சுற்றாது. கரண்ட் இல்லாதபோது வெளியிலிருந்து யாரும் கேட்டைத் தள்ளித் திறக்க முடியாது. உள்ளேயிருந்து நீங்களும் முடியாது. அதற்கு ஒரு சாவி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பணம் கொடுக்கும் முன் செய்து பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. தயவுசெய்து செய்துவிடாதீர்கள். மோட்டார் இல்லாமல் கேட்டை ஒரு கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளுவதுதான் அது. முதல் அசைவுக்குக் கொஞ்சம் அழுத்தம் கேட்டு, பிறகு வீட்டுப் பாட்டி தள்ளினாலும் ஓடுகிறது என்றால் சின்ன மோட்டாரே போதும் என்று ஆகிவிடும், கடையில் உங்கள் மதிப்பு இறங்கிவிடும். நடுவில் எங்காவது இறுகினால் அங்கே தண்டவாளம் வளைந்திருக்கும், அல்லது சக்கரத்தின் பேரிங் போயிருக்கும், அல்லது மேலே கேட்டைப் பிடித்திருக்கும் கைடு ரோலர் ஒரு பக்கமாக இறுகியிருக்கும். வெல்டரைக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலியோடு முடிகிற வேலை. அதற்குப் பதிலாகப் பெரிய மோட்டாராகப் பாருங்கள். பெரிய மோட்டார் அந்த இறுக்கத்தைச் சரிசெய்யாது, இறுக்கத்தையும் சேர்த்து இழுக்கும். கொஞ்ச காலத்தில் சக்கரம் தேயும், ரேக்கில் பல் உடையும், கேட் ஒரு பக்கம் தலை சாயும். அப்போதும் எல்லாரும் திட்டப்போவது மோட்டாரைத்தான்.

ரேக் என்றேன். கேட்டின் அடியில் நீளமாகப் பொருத்துகிற பல் பட்டை. மோட்டாரின் பல் சக்கரம் அதில் கடித்துக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ இடைவெளி விட வேண்டும் என்று மோட்டாரோடு வரும் காகிதத்தில் படம் போட்டிருக்கும். அந்தக் காகிதம் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். இடைவெளி விடாமல் பொருத்தினால் முந்நூறு கிலோ கேட் சக்கரத்தில் நிற்பதோடு மோட்டாரின் ஷாஃப்ட் மேலும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும். ரேக் துண்டு துண்டாக வரும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் மூன்றாவது துண்டொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பல்லோடு பல் பொருத்தி வைத்து, அளவு சரியான பிறகு திருகை முடுக்குவார் நல்ல தொழில்காரர். கண்ணளவில் முடுக்குபவரும் இருக்கிறார். அவருடைய கேட் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் ‘டக்’ என்று சொல்லிக்கொண்டே போகும். நள்ளிரவில் மகன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்பதைத் தூக்கத்திலேயே தெரிந்துகொள்ள இரண்டாமவரை அமர்த்துவது நல்லது.

பக்கவாட்டில் ஓடுவதா, இரண்டு கதவாகத் திறப்பதா என்பதில் பலர் இரவெல்லாம் விவாதிக்கிறார்கள். மனை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயம் அது. சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு என்பது 1200 சதுர அடி, இருபதுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதடி முகப்பில் பன்னிரண்டடி கேட் போட்டால் மிச்சம் எட்டு. ஓடுகிற கேட் ஒதுங்கி நிற்க அதன் அகலத்தை விடக் கொஞ்சம் கூடுதலான சுவர் வேண்டும். மீதி நான்கடிக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒன்றின் பின் ஒன்றாகச் சரியும் இரட்டைக் கேட் செய்துகொள்ளலாம், அல்லது இரண்டு கதவு.

இரண்டு கதவுக்கு இரண்டு மோட்டார். ஒவ்வொரு கதவையும் ஒரு நீண்ட தண்டு தள்ளும். இந்தத் தண்டு வேலை செய்ய, கதவின் கீலுக்கும் தூணில் தண்டு மாட்டுகிற இடத்துக்கும் இடையே சரியான அளவுகள் அமைய வேண்டும். நம் தூண்களோ இரண்டடிக்கு இரண்டடி. மேலே உருண்டை விளக்கு, பக்கத்தில் கிரானைட்டில் வீட்டின் பெயர். கீல் முன்பக்க ஓரத்தில் இருக்கும், தண்டு எட்டாது. முழங்கை மாதிரி மடங்கும் கையுள்ள மோட்டார் வாங்க வேண்டும், அது இன்னும் விலை. கார் நிறுத்தும் இடம் தெருவை விட உயரமாக, மேல்நோக்கிச் சரிந்து இருந்தால் உட்பக்கம் திறக்கும் கதவு தரையில் இடிக்கும். வெளிப்பக்கம் திறந்தால் தெருவில் போகிறவர் மேல் இடிக்கும். தகடு போட்டு முழுக்க மூடிய கதவு என்றால் ஐப்பசிக் காற்றில் அது கதவா பாயா என்றே சொல்ல முடியாது. ஓடுகிற கேட்டுக்குக் காற்றைப் பற்றிய கவலை குறைவு. அதன் பகை வாதாம் மரம். இலை தண்டவாளத்தில் விழுந்து, மண்ணோடு சேர்ந்து, ஒரு மழைக்குப் பிறகு சிமென்ட்டுக்குச் சமமாக இறுகிவிடும்.

மோட்டாரைத் தரையோடு தரையாக வையுங்கள், அதுதான் பார்வைக்கு அழகு. ஒரு அடி உயரத்தில் கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் வைப்பவர்கள் 2015 டிசம்பரை மறக்காதவர்கள். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அப்போது கேட்டே முழுகியது, மேடை எந்த மூலைக்கு? ஆனாலும் சாதாரண ஐப்பசி மழைக்குக் கணுக்கால் தண்ணீர் நிற்கிற தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே ஒரு அடி போதும். மேலும் தெருவுக்குச் சாலை போடுகிற ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, உங்கள் தண்டவாளம் அங்கேயே இருக்கிறது. இப்போது வழிந்தோடுகிற தண்ணீர் சில வருடங்களில் உள்ளே வரும். பெட்டி மேல் ‘ஐபி 54’ என்று போட்டிருந்தால் வாட்டர் ப்ரூஃப் என்று கடையில் சொல்வார்கள். இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்: 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தும் பிழைக்க 7 வேண்டும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். 230 வோல்ட் ஏ.சி. மோட்டார் விலை குறைவு, உழைப்பாளி. ஆனால் ஈ.பி. போனால் அதுவும் போய்விடும். இன்வெர்ட்டரில் கொடுக்கலாமே என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார். வீட்டில் இருப்பது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் உறுமும், சூடாகும், நகர்வதைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்கும். 24 வோல்ட் டி.சி. மோட்டாரில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடர்ந்து இணைத்து உள்ளேயே வைத்துவிடுவார்கள். கரண்ட் இல்லாமலும் சில தடவை திறந்து மூடும். மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் நாகரிகமும் அதற்கு இயல்பாக வரும். விலை கூடுதல், சில வருடங்களுக்கு ஒரு முறை பேட்டரிச் செலவு. எது என்று என்னைக் கேட்டால், அடிக்கடி கரண்ட் போகிற ஊருக்கு டி.சி.தான். கேட்காமல் மலிவைப் பார்த்து வாங்குங்கள், இருட்டில் மழையில் காரை விட்டு இறங்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

ஏ.சி. மோட்டார் பெட்டியில் ‘30%’ என்று எங்காவது சின்னதாக இருக்கும். தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடினால் ஏழு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பொருள். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் பன்னிரண்டடி கேட் திறக்க இருபது விநாடி ஆகும், மூட இன்னொரு இருபது. அப்படியானால் பத்து நிமிடத்துக்கு நான்கு தடவை தாராளம், ஒரு குடும்பத்துக்கு அது போதும். பொருத்திய அன்று மட்டும் போதாது. பூசணிக்காய் உடைத்து, மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பேரன் கையில் ரிமோட்டைக் கொடுத்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் திறந்து மூடிக் காட்டுவோம். பாதியில் கேட் நின்றுவிடும். உள்ளே சூடு கூடியதும் தன்னையே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, ஆறியதும் சரியாகிவிடும். அந்த இடைவெளியில் மாமாக்களில் ஒருவர் “அப்பவே சொன்னேன், சைனா மாலு” என்பார். அது இத்தாலியில் செய்ததாக இருந்தாலும் சொல்வார்.

இத்தாலி என்றதும் ஒன்று. இந்தத் தொழிலில் இத்தாலிக்காரர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. போலோஞாவில் 1965இல் தொடங்கிய ஃபாக் என்ற நிறுவனம் கேட் மோட்டாரில் பழம்பெருமை உள்ளது. தொடங்கியவரின் மகன் 2012இல் இறந்தபோது தன் பங்குகளைப் போலோஞா உயர் மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்துவிட்டார். ஆக, ஒரு கேட் மோட்டார் கம்பெனி திருச்சபையின் சொத்தாயிற்று. இதில் பொருத்தமில்லை என்று சொல்ல முடியாது. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோன் என்பவர் எழுதிவைத்த ஒரு கருவியும் கோயில் கதவுக்குத்தான்: பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் காற்று சூடாகி, தண்ணீரைத் தள்ளி, தொங்குகிற வாளி நிறைந்து, கயிறு இழுத்துக் கதவு திறக்கும். நெருப்பு ஆறினால் கதவு மூடிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் வேதாரண்யம் இருக்கிறது. வேதங்கள் வழிபட்டுவிட்டு அடைத்துச் சென்ற கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது பெரியபுராணக் கதை. திறப்பதற்கு வெகு நேரம் பிடித்தது, மூடுவதற்கு முதல் பாட்டே போதுமாக இருந்தது. அப்பருக்கு அதில் வருத்தம். கேட் மோட்டார் வைத்திருக்கிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் கதவு அடைத்துக் கிடந்த காலமெல்லாம் ஊரார் பக்கத்து வாசல் வழியாகவே உள்ளே போய் வந்தார்கள் என்றும் அதே கதையில் வருகிறது.

நீங்கள் பக்கத்து வாசல் வைக்காதீர்கள். மூன்றடியில் தனியாக ஒரு சின்ன கேட் இருந்தால் பால்காரர், பேப்பர் போடுகிற பையன், சிலிண்டர் கொண்டுவருபவர், கொரியர், கோலம் போட எழுந்துபோகும் வீட்டம்மா எல்லாரும் அதன் வழியாகப் போய்விடுவார்கள். பெரிய கேட் காருக்கு மட்டும் ஓடும், மோட்டார் வருடக் கணக்கில் உழைத்துத் தொலைக்கும். பெரிய கேட்டுக்குள்ளேயே திட்டிவாசல் வெட்டிக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர் சொல்லலாம். அப்படிச் செய்தால் அது திறந்திருக்கும்போது மோட்டார் ஓடாதபடி ஒரு சுவிட்ச் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பாதி உடம்பு உள்ளே இருக்கும்போது கேட் கிளம்பும்.

சென்சாரைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. தண்டவாளத்தின் முனையில் தடுப்பு வெல்ட் செய்யாததால் கேட் ஓடிப்போய்ச் சரிந்து, குழந்தைகள் மேல் விழுந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. மோட்டாரில் இருக்கிற லிமிட் சுவிட்ச், கேட்டை நிறுத்தச் சொல்லும் சைகைதான். அது பழுதானாலும் கேட்டைப் பிடித்து நிறுத்த இரும்புத் தடுப்பு இரண்டு முனையிலும் வேண்டும், மேலே கைடு ரோலர் கழன்றுவிடாமல் இருக்க வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் சுமார் அரை மீட்டர் உயரத்தில் போட்டோசெல் வைப்பார்கள். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மூடுகிற கேட் திரும்பிவிடும். நம் தெருவில் நாய் படுத்துத்தான் தூங்கும், அரை மீட்டருக்குக் கீழே. தவழுகிற குழந்தையும் அவ்வளவுதான். அதனால் இடித்தால் திரும்பும் வசதி மோட்டாரிலும் இருக்க வேண்டும், அதன் அழுத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். ஐரோப்பாவில் இ.என். 12453 என்கிற தர விதி, ஆள் நசுங்கக்கூடிய இடைவெளியில் கேட் 400 நியூட்டனுக்கு மேல் அழுத்தக் கூடாது என்கிறது, நாற்பது கிலோ சுமை மாதிரி. இறுகிய கேட்டை ஓட வைக்க இந்த அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு சொன்ன ஒரு கைச் சோதனையைச் செய்யாத வீடுகளில்தான் இது நடக்கும். இரண்டும் ஒரே கேட்டின் கதை.

ரிமோட் இரண்டு வரும். ஒன்று காரில். இன்னொன்று யாருக்கு என்பதைக் குடும்பமே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், நான் நுழைவதாக இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிற ரோலிங் கோடு ரிமோட்டா, எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்புவதா? பின்னது சாவிக் கடையில் நகல் எடுத்துக்கொள்ளக்கூடியது. வசதி என்னவோ வசதிதான். வேலையை விட்டு நின்ற டிரைவருக்கும் அதே வசதி.

மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளுவதற்கான சாவியைப் பெரியவர்கள் பீரோ லாக்கரில், நகையோடு வைப்பார்கள். கரண்ட் போன இரவில் பீரோ உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே இருப்பீர்கள். சின்ன கேட்டும் வைக்காதவர் என்றால் நாலரை அடிச் சுவர் இருக்கிறது, அதன் பயன் அன்றைக்குப் புரியும்.

கடைசியாக, பழுது. ‘ஊம்’ என்ற சத்தம் மட்டும் வந்து கேட் நகராவிட்டால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல் போக வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான், ஏ.சி. மோட்டாரில் முதலில் தளர்வது அதுதான். திறக்கிறது, ஆனால் மூட மறுக்கிறது என்றால் போட்டோசெல்லைத் துடையுங்கள், சிலந்தி வலையோ குளவிக் கூடோ இருக்கும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், இல்லாவிட்டால் சர்க்யூட் போர்டில் ஒரு பல்லி உயிரைவிட்டிருக்கும். வயர் நுழைகிற ஓட்டையை அடைத்து, சுற்றிலும் எறும்புச் சாக்பீஸ் போட்டிருந்தால் அதுவும் நேர்ந்திருக்காது. இவ்வளவும் தெரியும் என்று சர்வீஸ்காரரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள், பாவம். டீ கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சு சார்” என்பார். சரிப்பா, மாற்றிவிடு, பழைய போர்டை மட்டும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிப் பாருங்கள். சில சமயம் போர்டு அங்கேயே பிழைத்துக்கொள்ளும்.